கேட்டுக் குடிக்கும் ரத்தம்: டெர்ரி பிராட்செட்டின் ‘கார்பே ஜுகுலம்’ நாவலில் தீமையும் சிரிப்பும்

ஒரு பண்ணை வீடு, இரவு நேரம். நிறைமாதக் கர்ப்பிணியை மாடு உதைத்துவிட்டது. உள்ளூர் மருத்துவச்சியால் சமாளிக்க முடியவில்லை என்று மூத்த சூனியக்காரிக்கு ஆள் போகிறது. கிரானி வெதர்வாக்ஸ் வந்து பார்க்கிறாள். தாய், குழந்தை இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். கணவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்கிறாள் மருத்துவச்சி. கிரானி மறுத்துவிடுகிறாள். அந்தக் கேள்வியை அவன் முன்னால் வைப்பதே அவனுக்குச் செய்யும் கொடுமை என்பது அவள் எண்ணம். எந்தப் பதிலைச் சொன்னாலும் அவன் ஆயுள் முழுக்க அதையே நினைத்து வெந்துகொண்டிருப்பான். எனவே முடிவைத் தானே எடுக்கிறாள், அதன் பாரத்தையும் தானே சுமந்துகொண்டு வீடு திரும்புகிறாள்.

ஒரு நகைச்சுவை நாவலின் தொடக்கப் பகுதியில் வரும் காட்சி இது. டெர்ரி பிராட்செட் 1998இல் வெளியிட்ட ‘கார்பே ஜுகுலம்’ சூனியக்காரிகளுக்கும் ரத்தக்காட்டேரிகளுக்கும் நடக்கும் மோதலைச் சொல்லும் மிகுபுனைவு. பக்கத்துக்குப் பக்கம் சிரிக்க வைப்பது. ஆனாலும் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் தீமையைப் பற்றி எழுதப்பட்ட தெளிவான நூல்களில் ஒன்றாக அதை வைக்கலாம் என்பது இக்கட்டுரையின் வாதம். அந்தத் தெளிவை அந்நூலுக்குத் தந்தது அதன் நகைச்சுவைதான். கனமான விஷயத்தை விழுங்க வைப்பதற்காகத் தடவிய தேனாக அதைக் கருதிவிடக் கூடாது. சிந்தனை நடப்பதே சிரிப்பின் வழியாகத்தான்.

ஆசிரியரும் அவர் படைத்த உலகமும்

பிராட்செட் 1948இல் இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் பிறந்தார். பள்ளிப் படிப்பை முடிக்காமலே உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்றில் நிருபராகச் சேர்ந்தார். முதல் நாவலான ‘தி கார்பெட் பீப்பிள்’ 1971இல் வெளியானது. பின்னர் மத்திய மின் உற்பத்தி வாரியத்தில், அணுமின் நிலையங்கள் தொடர்பான செய்தித் தொடர்பு அலுவலராக வேலை பார்த்தார். 1983இல் வெளியான ‘தி கலர் ஆஃப் மேஜிக்’ நாவலில் டிஸ்க்வேர்ல்ட் என்ற உலகம் பிறந்தது. தட்டையான அந்த வட்ட உலகத்தை நான்கு யானைகள் தாங்குகின்றன, யானைகள் ஒரு மாபெரும் ஆமையின் முதுகில் நிற்கின்றன, ஆமை விண்வெளியில் நீந்திக்கொண்டே போகிறது. நம் புராண மரபோடு தொடர்புள்ள இந்தப் படிமத்தை எடுத்துக்கொண்டு 41 நாவல்களை எழுதினார். கடைசி நாவல் 2015இல், அவர் மறைவுக்குப் பின் வெளிவந்தது. 1990களில் பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற எழுத்தாளர் அவர்தான்.

அந்த வரிசையில் ‘கார்பே ஜுகுலம்’ 23ஆவது நூல். சூனியக்காரிகளை மையமாகக் கொண்ட நாவல்களை மட்டும் கணக்கிட்டால் ஆறாவது. ‘ஈக்வல் ரைட்ஸ்’ 1987இலும், ‘வியர்ட் சிஸ்டர்ஸ்’ 1988இலும், ‘விட்ச்சஸ் அப்ராட்’ 1991இலும், ‘லார்ட்ஸ் அண்ட் லேடீஸ்’ 1992இலும், ‘மாஸ்கரேட்’ 1995இலும் வந்திருந்தன. பதினோரு ஆண்டுகள் கூடவே வாழ்ந்த பாத்திரங்களைக் கடைசிமுறையாக ஒருசேர மேடையேற்றிய நூல் என்பதால் இதில் ஒரு முதிர்ச்சி தெரிகிறது. தலைப்பு லத்தீன் கவிஞர் ஹொரேஸின் புகழ்பெற்ற சொற்றொடர் ஒன்றை வளைத்துச் செய்த வேடிக்கை: ‘கழுத்தைப் பற்று’.

கதை நடப்பது லாங்க்கர் என்ற சின்னஞ்சிறு மலைநாட்டில். அரசன் வெரன்ஸும், முன்னாள் சூனியக்காரியான அரசி மக்ராட்டும் தங்கள் பெண் குழந்தைக்குப் பெயர்சூட்டு விழா நடத்துகிறார்கள். நல்ல மனமும் நவீன எண்ணங்களும் கொண்ட வெரன்ஸ், அண்டை நாடான ஊபர்வால்டிலிருந்து மாக்பைர் பிரபுவின் குடும்பத்தையும் அழைத்துவிடுகிறான். அவர்கள் ரத்தக்காட்டேரிகள். அழைப்பில்லாமல் வாசற்படி தாண்ட முடியாது என்பது அவ்வினத்தின் பழைய விதி. இப்போது அழைப்பு அரசன் கையாலேயே போய்விட்டது. அதே வேளையில் கிரானிக்கு எழுதிய அழைப்பிதழை ஒரு மாக்பை பறவை திருடிக்கொண்டு போய்விடுகிறது. தன்னை ஒதுக்கிவிட்டார்கள், இனி தான் தேவையில்லை என்று நினைத்த கிரானி குடிசையைக் காலிசெய்துவிட்டு மலைக்குகைக்குப் போய்விடுகிறாள். நாட்டைக் காக்கக்கூடியவள் இல்லாத நேரத்தில் நாட்டை விழுங்க வந்தவர்கள் முறையான விருந்தினராக உள்ளே நுழைகிறார்கள்.

மாக்பை பறவை சும்மா வந்ததல்ல. இங்கிலாந்தில் எத்தனை மாக்பைகளைப் பார்க்கிறோமோ அதற்கேற்ப நல்லது கெட்டது சொல்லும் எண்ணிக்கைப் பாட்டுகள் உண்டு. இந்நாவலுக்கான வேலை நடந்த காலத்தில், கையெழுத்து வாங்க வரிசையில் நின்ற வாசகர்களிடம் எத்தனை மாக்பைப் பாட்டுகள் தெரியும் என்று பிராட்செட் கேட்டுக்கொண்டிருந்தார். பெரும்பாலோருக்குத் தொலைக்காட்சி வழியே பரவிய ஒன்றுதான் தெரிந்திருந்தது. வரிசையில் வந்த ஒரு பெண்மணியோ ஏறக்குறைய பத்தொன்பது தெரியும் என்றார். அவர் நாட்டாரியல் அறிஞர் ஜாக்குலின் சிம்ப்சன். பிற்பாடு இருவரும் சேர்ந்து ‘தி ஃபோக்லோர் ஆஃப் டிஸ்க்வேர்ல்ட்’ என்ற நூலை 2008இல் கொண்டுவந்தார்கள். மக்கள் நினைவிலிருந்து பாட்டுகள் உதிர்ந்து ஒன்றே ஒன்று மிஞ்சுவதைப் பிராட்செட் இழப்பாகக் கண்டார். நாட்டார் வழக்குகளின் மேல் அவருக்கிருந்த மரியாதை ரத்தக்காட்டேரியை அவர் கையாண்ட விதத்திலும் தெரிகிறது.

சவக்குழியிலிருந்து மாளிகைக்கு

ஐரோப்பியக் கற்பனையில் ரத்தக்காட்டேரி கடந்து வந்த பாதையை அறியாமல் இந்நாவலின் கூர்மையை உணர முடியாது. 1718இல் பசரோவிட்ஸ் உடன்படிக்கையின்படி செர்பியாவின் வடபகுதி ஆஸ்திரியர் வசமானது. அதன்பின் அங்கிருந்த கிராமங்களின் நம்பிக்கைகள் அதிகாரிகளின் அறிக்கைகளில் ஏறத் தொடங்கின. 1725இல் கிசிலியேவோ கிராமத்தில் இறந்துபோன பேட்டர் பிளகோயெவிச் என்பவன் எழுந்து வந்து ஊராரைக் கொல்கிறான் என்று புகார் வந்தது. அதிகாரி ஒருவர் முன்னிலையில் குழியைத் தோண்டி, உடலில் கழு பாய்ச்சி எரித்தார்கள். 1732இல் ராணுவ மருத்துவர் யோஹான் ஃப்ளூக்கிங்கர் மெத்வேஜா கிராமத்தைப் பற்றித் தந்த அறிக்கை ஐரோப்பா முழுதும் படிக்கப்பட்டது. 1755இல் பேரரசி மரியா தெரேசா தம் மருத்துவர் ஹெரார்ட் ஃபான் ஸ்வீட்டனின் ஆலோசனைப்படி, பிணங்களைத் தோண்டி எரிக்கும் வழக்கத்தைத் தடைசெய்தார்.

அந்தக் கிராமத்துக் காட்டேரி உப்பிய வயிறும் சிவந்த முகமும் கொண்ட குடியானவன். தன் வீட்டாரையும் அண்டைவீட்டாரையும் தேடி வந்தவன். அவனுக்குக் கோட்டும் கோட்டையும் தந்தது இலக்கியம். 1816 கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் பைரன் பிரபுவோடு தங்கியிருந்த மருத்துவர் ஜான் பொலிடோரி எழுதிய ‘தி வாம்பயர்’ 1819இல் வெளியாயிற்று. அதில்தான் காட்டேரி முதன்முதலாக ஆங்கில உரைநடையில் பிரபுவாக, விருந்து மண்டபங்களில் உலவுகிறவனாக வந்தான். 1872இல் ஷெரிடன் லெ ஃபனூவின் ‘கார்மில்லா’, 1897இல் பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ என்று அந்த உருவம் உறுதிப்பட்டது. பூண்டு, சிலுவை, அழைப்பின்றி நுழைய முடியாமை ஆகிய விதிகளை ஸ்டோக்கர் ஒரே இடத்தில் தொகுத்துத் தந்தார். சூரிய ஒளியில் காட்டேரி அழிந்துபோவது மட்டும் அவரிடம் இல்லை, அவருடைய டிராகுலா லண்டன் தெருவில் பகலில் நடக்கிறான். வெயிலில் சாவது 1922இல் வந்த ஜெர்மானிய மௌனப்படம் ‘நாஸ்ஃபெராட்டு’ தந்த விதி. 1931இல் பேலா லுகோசியும், 1958இல் ஹாம்மர் நிறுவனப் படத்தில் கிறிஸ்டோஃபர் லீயும் டிராகுலாவாக நடித்தார்கள். திரைச்சீலையைக் கிழித்தால் உள்ளே பாயும் வெயில், சிலுவையாகச் சேர்த்துப் பிடிக்க வசதியான மெழுகுவர்த்தித் தண்டுகள் எல்லாம் அந்த ஹாம்மர் படத்தால் உலகப் பொதுச்சொத்தாயின.

1976இல் ஆன் ரைஸின் ‘இன்டர்வியூ வித் தி வாம்பயர்’ வந்தபின் பார்வை திரும்பியது. காட்டேரியே தன் கதையைச் சொன்னான். அவன் தனிமைப்பட்டவன், அழகன், துயரம் நிறைந்தவன். வாசகர் அவனுக்காக உருகத் தொடங்கினார். பிராட்செட் எழுத உட்கார்ந்த 1990களில் காட்டேரி ஏறக்குறைய ஒரு காதல் நாயகன். அந்த மயக்கத்தைக் கலைப்பதற்கே இந்நாவல் எழுதப்பட்டது போல் இருக்கிறது.

திருந்தாமல் முன்னேறியவர்கள்

மாக்பைர் பிரபு பழமைவாதி அல்லன். தன் இனத்தின் பலவீனங்கள் எல்லாம் மூடநம்பிக்கையால் வந்த பயங்களே, பயிற்சியால் அவற்றை வெல்லலாம் என்று நம்புகிறவன். மகன் விளாடுக்கும் மகள் லாக்ரிமோசாவுக்கும் சிறு வயதிலிருந்தே பூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கியிருக்கிறான். எல்லா மதங்களின் புனிதச் சின்னங்களையும் அட்டைகளில் காட்டி அச்சத்தைப் போக்கியிருக்கிறான். வெயிலில் நிற்கப் பழக்கியிருக்கிறான். அச்சம் தரும் பொருளைச் சிறிது சிறிதாக நெருங்க வைத்து அச்சத்தைக் கரைக்கும் முறையை ஜோசஃப் வோல்ப்பே என்ற மனநல மருத்துவர் 1950களில் வகுத்தளித்தார். மனிதரின் துயர் துடைக்க வந்த அந்த முறையின் சாயலை மாக்பைர் பிரபுவிடம் காண்கிறோம். அவனோ பலியாகிறவர்களிடமிருந்து கடைசிப் பாதுகாப்பையும் பறிக்க அதைப் பயன்படுத்துகிறான்.

அந்தக் குடும்பத்தின் பேச்சு எப்போதும் நயமாகவே இருக்கிறது. பழைய காட்டேரிகளின் முரட்டுத்தனத்தை அவர்கள் வெறுக்கிறார்கள். இளைய தலைமுறைக் காட்டேரிகள் சாதாரணப் பெயர்களை வைத்துக்கொண்டு, மங்கலான உடை உடுத்தி, பகலெல்லாம் விழித்திருந்து தங்கள் பெற்றோருக்கு எதிர்ப்புக் காட்டுகிறார்கள். வேலைக்காரன் இகோருக்கு மட்டும் இது எதுவும் பிடிக்கவில்லை. ஒட்டடை, கிறீச்சிடும் கதவு, உருகி வழியும் மெழுகுவர்த்தி என்று முறையாக நடந்த பழைய எஜமானனின் காலத்தை நினைத்து அவன் ஏங்குகிறான். வாசகர் முதலில் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார். அவன் சரியாகவே சொன்னான் என்பது கதையின் இறுதியில் விளங்குகிறது.

நாவலின் மிக முக்கியமான இடம் எஸ்க்ரோ என்ற ஊர். ஊபர்வால்டில் உள்ள அந்த ஊருக்கும் மாக்பைர் குடும்பத்துக்கும் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. குறித்த நேரத்தில் ஊரார் சதுக்கத்தில் வரிசையாக நிற்க வேண்டும். காட்டேரிகள் வந்து அளவோடு ரத்தம் எடுத்துக்கொள்வார்கள். யாரையும் கொல்ல மாட்டார்கள். குழந்தைகளுக்குக் குறிப்பிட்ட வயது வரை விலக்கு உண்டு. இரவில் பயமின்றித் தூங்கலாம். தெருக்கள் சுத்தம், வீடுகள் ஒழுங்கு. இளம் சூனியக்காரி ஆக்னஸை அங்கே கூட்டிவந்து விளாட் பெருமையோடு காட்டுகிறான். இது முன்னேற்றமில்லையா, பழைய நாட்களின் கொலைவெறிக்கு இது மேலில்லையா என்பது அவன் கேள்வி. அவன் நடிக்கவில்லை, உண்மையாகவே அப்படி நம்புகிறான். ஆக்னஸ் கண்ணில் படுவது வரிசையில் நிற்கும் முகங்கள். அவர்கள் ஆடு மாடுகளைப் போல் நிற்கிறார்கள்.

சுரண்டலுக்குக் காட்டேரியை உவமையாக்குவது ஐரோப்பியச் சிந்தனையில் புதிதல்ல. வோல்த்தேர் தம் தத்துவ அகராதியில், உண்மையான ரத்தக்காட்டேரிகள் பெருவணிகர்களும் துறவியரும்தான் என்ற பொருளில் சாடினார். கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட ‘மூலதனம்’ நூலில், உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் காட்டேரியாக மூலதனத்தைக் காட்டினார். பிராட்செட் இவர்களைத் தாண்டி ஓர் அடி வைக்கிறார். சுரண்டல் வன்முறையாக இருக்கும்வரை எதிர்ப்புக்கு இடமுண்டு. அது ஒப்பந்தமாகவும் நிர்வாகமாகவும் மாறிவிட்டால், சுரண்டப்படுகிறவரே அதற்கு நியாயம் சொல்லத் தொடங்கிவிடுகிறார். மறுக்கவே முடியாத ஒருவர் தந்த சம்மதத்துக்கு என்ன மதிப்பு என்ற கேள்வியை எஸ்க்ரோவின் சதுக்கத்தில் அவர் நட்டுவைக்கிறார். காலனி ஆட்சிகளையும் அடிமை ஒப்பந்தங்களையும் வரலாற்றில் கண்ட எந்தச் சமூகத்துக்கும் இந்தக் கேள்வி புரியும்.

பிரிட்டனில் அப்போது வீசிய காற்றையும் இங்கே குறிப்பிடலாம். 1997 மே மாதத்தில் டோனி பிளேரின் தலைமையில் ‘புதிய’ தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. நவீனப்படுத்துதல் என்ற சொல் எல்லா வாய்களிலும் இருந்த காலம். மாக்பைர் பிரபுவின் புத்துலகப் பேச்சை அன்றைய வாசகர்கள் எளிதாக இனம்கண்டிருப்பார்கள். ஆனால் அதை ஒரு கட்சியின் மேல் எய்த அம்பாகச் சுருக்குவது தவறு. பலியாகிறவரின் நிலை மாறாமல், பலிகொள்கிறவரின் வசதி மட்டும் கூடுவதை முன்னேற்றம் என்று அழைக்கும் எந்தப் பேச்சுக்கும் அது பொருந்துகிறது.

இதற்கு நேர் எதிரில் நிற்கிறவன் இகோரின் பழைய எஜமானனான பழைய பிரபு. அவன் கொடியவன்தான். ஆனாலும் தன் கோட்டையில் எளிதில் இழுத்துவிடக்கூடிய திரைச்சீலைகளையும், சட்டென்று புனிதச் சின்னமாக மாற்றிக்கொள்ளக்கூடிய அலங்காரப் பொருள்களையும் அவனே வேண்டுமென்றே வைத்திருந்தான். வருகிறவருக்கு ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும் என்பது அவன் கொள்கை. மக்கள் அவனைப் பலமுறை கொன்றார்கள், அவனும் பலமுறை எழுந்து வந்தான். ஹாம்மர் படங்களைப் பார்த்தவர்களுக்கு இது கேலியாகத் தெரியும். ஆனால் அந்தக் கேலிக்குள் ஓர் அறவாதம் உண்டு. தான் தோற்க ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிற அதிகாரம், எதிரில் இருப்பவரை மனிதராக ஒப்புக்கொள்கிறது. எல்லா வழியையும் அடைத்துவிட்ட அதிகாரத்துக்கு எதிரில் இருப்பவர் வெறும் தீவனம்.

வல்லமையும் வரம்பும்

இந்த உலகத்துச் சூனியக்காரிகள் பெரும்பாலும் மந்திரம் செய்வதில்லை. பிரசவம் பார்க்கிறார்கள், இறந்தவரைக் குளிப்பாட்டுகிறார்கள், மூலிகை தருகிறார்கள், சண்டை தீர்க்கிறார்கள். ஐரோப்பிய வரலாற்றில் சூனியக்காரி என்ற பெயர் பெரும்பாலும் ஏழை, முதிய, துணையற்ற பெண்கள் மேல் விழுந்தது. 1612இல் லங்காஷயரின் பெண்டில் மலைப்பகுதியைச் சேர்ந்தவர்கள் மேல் நடந்த வழக்கில் பத்துப் பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தப் பெண்களின் உருவத்தை எடுத்துக்கொண்ட பிராட்செட், ஊரின் கடைசிப் பொறுப்பு யார் தோளில் விழுகிறதோ அவளே சூனியக்காரி என்று ஆக்கினார். யாரும் எடுக்க விரும்பாத முடிவை எடுக்கிறவள், அதற்காக நன்றி பெறாதவள்.

கிரானி வெதர்வாக்ஸின் வல்லமை அசாதாரணமானது. பிற உயிர்களின் மனத்துக்குள் புகுந்து உடன் பயணிக்க அவளால் முடியும். நினைத்தால் ஊரையே ஆட்டிப்படைக்கலாம். முன்னொரு காலத்தில் பெரும் வல்லமை பெற்றுப் பின் கெட்டழிந்த பிளாக் அலீஸ் என்ற சூனியக்காரியின் நினைவு அவளை விடாமல் துரத்துகிறது. தானும் அப்படி ஆகிவிடக்கூடும் என்ற பயம் அவளுக்கு உண்டு, அதனாலேயே தன்னைத்தானே நொடிதோறும் காவல் காக்கிறாள். மாக்பைர் பிரபுவும் மனங்களுக்குள் புகுகிறவன்தான். ஆக, நாவலில் மோதும் இரு தரப்புக்கும் உள்ள ஆற்றல் ஏறக்குறைய ஒன்றே. ஒரு தரப்பு தன் வரம்புகளை ஒவ்வொன்றாக உதறிவிட்டதைப் பெருமையாகச் சொல்கிறது. மறுதரப்பு வரம்புகளை இறுகப் பற்றிக்கொண்டு நிற்கிறது. நல்லவள் என்ற சொல் கிரானிக்குப் பொருந்துவதும் இந்தப் பிடிவாதத்தால்தான். அவள் இனிமையானவள் அல்லள், அன்பாகப் பேசுகிறவளும் அல்லள்.

குகையிலிருந்து திரும்பி வந்து காட்டேரிகளை எதிர்கொள்ளும் கிரானி தோற்றுப்போகிறாள். அவர்கள் அவளைக் கடித்து ரத்தம் குடிக்கிறார்கள். விடிந்தால் அவளும் காட்டேரியாகியிருக்க வேண்டும். அந்த இரவு முழுக்க அவளுக்குள் நடக்கும் போராட்டம் நாவலின் உச்சம். தன் உயிரின் சாரத்தை அவள் தன் ரத்தத்திலேயே ஒளித்து வைத்திருந்தாள். ரத்தம் எங்கே போனதோ அங்கே அவளும் போனாள். மறுநாள் காட்டேரிகளுக்கு இனம்புரியாத ஒரு தாகம் எடுக்கிறது, சூடான இனிப்புத் தேநீருக்கு! பறக்க முடியவில்லை. குழந்தைக்குத் தீங்கு செய்யக் கை எழவில்லை. அவளைத் தங்களில் ஒருத்தியாக மாற்ற நினைத்தவர்கள், தாங்களே அவளாக மாறிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய சிரிப்பை எழுப்பும் திருப்பம்தான், ஆனால் கதையின் தர்க்கத்துக்கு முழுக்கக் கட்டுப்பட்டது. பிறரைத் தன்னுள் இழுத்துக்கொள்கிற எவரும், இழுத்ததனால் மாறாமல் இருக்க முடியாது.

மாக்பைர் குடும்பத்தின் வீழ்ச்சியும் இதே தர்க்கத்தில் அமைகிறது. பயிற்சியின் உறுதி குலைந்ததும், அந்தப் பயிற்சியே அவர்களைக் கவிழ்த்துவிடுகிறது. பழைய காட்டேரிக்குத் தன் ஊர்க் கோயிலின் சின்னம் மட்டுமே தெரியும், அதற்கு மட்டுமே பயப்படுவான். இவர்களுக்கோ நூற்றுக்கணக்கான சின்னங்கள் பாடம். இப்போது திரும்பிய பக்கமெல்லாம், சாதாரணக் கோடுகளில்கூட, ஏதாவதொரு புனித வடிவம் தெரிகிறது. ஒரு முழுக் குடும்பத்தின் அறிவுச் செருக்கை இத்தனை சுருக்கமாகத் தண்டித்த கதைத் திருப்பம் நகைச்சுவை இலக்கியத்தில் அரிது.

ஐயத்தின் வலிமை

மைட்டிலி ஓட்ஸ் என்ற இளம் பாதிரி இந்நாவலின் நுட்பமான படைப்பு. பெயர்சூட்டு விழா நடத்த வந்தவன். அவன் சார்ந்த ஓம் சமயம், 1992இல் வந்த ‘ஸ்மால் காட்ஸ்’ நாவலில் மனிதரைச் சித்திரவதை செய்து எரித்த கொடுங்கோல் அமைப்பாகக் காட்டப்பட்டது. நூறாண்டுகளுக்குப் பின் அது பல பிரிவுகளாகச் சிதறி, சாதுவாகி, வாதம் செய்வதோடு நிறுத்திக்கொண்டுவிட்டது. ஓட்ஸுக்கோ தன் கடவுள் மேலேயே ஐயம். அவன் மனம் எப்போதும் இரண்டாகப் பிரிந்து தன்னோடு தானே வாதாடிக்கொண்டிருக்கிறது. ஆக்னஸுக்கும் பெர்டிட்டா என்ற இன்னொரு குரல் உள்ளே உண்டு. இந்த இருவரையும்தான் காட்டேரிகளால் மனவசியம் செய்ய முடியவில்லை. ஒருமுகப்பட்ட உறுதியை வீரமாகப் போற்றும் கதைகளே அதிகம். இங்கே தன்னையே கேள்வி கேட்கும் மனம்தான் வசியத்துக்கு மசியாத மனம்.

கொட்டும் மழையில் சாகக்கிடக்கும் கிரானியைக் கூட்டிக்கொண்டு ஓட்ஸ் ஊபர்வால்டை நோக்கிப் போகிறான். வழியில் அவர்களுக்குள் நடக்கும் வாதம் முழு நாவலின் இதயம். பாவம் எது, புண்ணியம் எது என்று தீர்மானிப்பது சிக்கலானது, அறிஞர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள் என்கிறான் அவன். கிரானி அதை ஏற்பதில்லை. மனிதரை, தன்னையும் சேர்த்துத்தான், பொருளாகப் பாவிக்கும் இடத்திலிருந்தே எல்லாப் பாவமும் தொடங்குகிறது என்பது அவள் கட்சி. உண்மையில் நம்பிக்கை இருந்தால் இப்படி மென்மையாகப் பேசிக்கொண்டிருக்க முடியாது என்றும் இடித்துரைக்கிறாள். இம்மானுவேல் கான்ட் 1785இல் எழுதிய அறவியல் நூலில், மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே, எப்போதும் அவர்களையே நோக்கமாகவும் கொள் என்று வகுத்த கோட்பாட்டை, எழுத்தறிவு குறைந்த ஒரு மலைக்கிழவி தன் அனுபவத்திலிருந்து கண்டடைகிறாள். எஸ்க்ரோவின் ஒப்பந்தம் ஏன் தவறு என்பதற்கான விடையும் இதுவே. அங்கே எவரும் சாகவில்லை, ஆனால் அனைவரும் பொருளாகிவிட்டார்கள்.

குளிரில் அவள் உயிர் அடங்கும் நிலையில், பற்றவைக்க உலர்ந்தது வேறெதுவும் இல்லாமல், ஓட்ஸ் தன் வேதநூலையே எரித்து அவளைச் சூடாக்குகிறான். சமயத்தைப் பழிப்பதற்காக அந்தக் காட்சி எழுதப்படவில்லை. அதன் பிறகுதான் அவனுக்கு உண்மையான நம்பிக்கை வருகிறது. பிராட்செட் தம்மை மனிதநேயராக அறிவித்துக்கொண்டவர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். இருந்தும் ஒரு பாதிரி தன் கடவுளை மீண்டும் கண்டடைவதை இவ்வளவு மதிப்போடு எழுதினார். கருத்தில் தமக்கு எதிர்ப்புறம் நிற்பவரின் மேன்மையை முழுமையாகப் படைக்க முடிகிறவரே பெரிய கலைஞர்.

சிரிப்பு செய்யும் வேலை

இந்த விஷயங்களை ஒரு தீவிர நாவலாக எழுதியிருக்கலாமே என்று கேட்கலாம். எழுதியிருந்தால் காட்டேரியின் கம்பீரம் தப்பிப் பிழைத்திருக்கும். பயங்கரக் கதை தீமையை வெறுத்துக்கொண்டே அதற்கு அரியணை போட்டுத் தருகிறது. டிராகுலாவைப் படித்து முடிக்கும்போது நம் நினைவில் நிற்பவன் டிராகுலா. நகைச்சுவை அந்த அரியணையைப் பிடுங்கிவிடுகிறது. மாக்பைர் பிரபு நினைவில் நிற்பது தற்பெருமை பிடித்த, குடும்பத்துக்குள் சச்சரவு ஓயாத ஒரு கனவானாக. அதோடு அவனுடைய கொடுமையின் அளவு கொஞ்சமும் குறைவதில்லை. அச்சமும் அற்பத்தனமும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதைக் காட்டச் சிரிப்பைப் போல் தகுந்த கருவி வேறில்லை. நம் வாழ்வில் நாம் சந்திக்கும் தீமையும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது.

குறைகளும் உண்டு. மயக்கும் அழகோடு லாங்க்கரைக் கைப்பற்ற வரும் அந்நியர், அரச குடும்ப விழா, கிரானியின் தனிப்போர் என்ற அமைப்பு ‘லார்ட்ஸ் அண்ட் லேடீஸ்’ நாவலில் ஏற்கெனவே வந்துவிட்டது. ஃபீனிக்ஸ் பறவையைத் தேடும் கிளைக்கதை மையத்தோடு முழுதாக ஒட்டவில்லை. அரசன் வெரன்ஸைக் காப்பாற்றும் நாக் மாக் ஃபீகிள் என்ற நீலநிறக் குள்ளர்கள் கலகலப்பூட்டினாலும் இக்கதையில் அவர்களுக்கு ஆழமில்லை. 2003இல் தொடங்கிய டிஃப்பனி ஏக்கிங் நாவல்களில்தான் அவர்கள் முழு வடிவம் பெற்றார்கள்.

ஆனால் இந்நூல் விதைத்தவை பின்னால் பலமாக விளைந்தன. இங்கே முதன்முதலாக வந்த இகோர், அடுத்த ஆண்டே ‘தி ஃபிஃப்த் எலிஃபண்ட்’ நாவலில் ஒரு பெரிய குலமாகப் பெருகினான். ரத்தத்தைத் துறப்பதாகச் சபதமெடுத்த காட்டேரிகள் 2000இல் வந்த ‘தி ட்ரூத்’ நாவலில் முக்கிய இடம் பிடித்தார்கள். மாக்பைர் பிரபு பலவீனத்தை வென்றான், ஆசையை வெல்லவில்லை. இவர்கள் ஆசையோடு நாள்தோறும் போராடுகிறார்கள். உண்மையான திருத்தம் எது என்ற கேள்விக்கு பிராட்செட் இரண்டு ஆண்டுகளில் தந்த மறுமொழி அது. அல்சைமர் வகை நோய் தமக்கு வந்திருப்பதை 2007இல் அறிவித்த பிறகும் அவர் எழுதிக்கொண்டே இருந்தார். கடைசி நாவலான ‘தி ஷெப்பர்ட்ஸ் கிரவுன்’ தொடக்கத்தில் கிரானி வெதர்வாக்ஸ் இறந்துபோகிறாள், தன் குடிசையைச் சுத்தம் செய்து, சொல்ல வேண்டியதை எழுதி வைத்துவிட்டு.

மிகுபுனைவையும் நகைச்சுவையையும் இலக்கியத்தின் கீழ்ப்படியில் வைத்துப் பார்க்கும் பழக்கம் எல்லா மொழிகளிலும் இருக்கிறது. ‘கார்பே ஜுகுலம்’ அந்தப் படிவரிசையைத் தகர்க்கும் நூல். இனிய முகத்தோடும் ஒப்பந்தத்தாளோடும் வாசலில் வந்து நிற்கும் அதிகாரத்தை எப்படி அடையாளம் காண்பது என்பதை அது கற்றுத்தருகிறது: நம்மை அது ஆளாகப் பார்க்கிறதா, பொருளாகப் பார்க்கிறதா என்ற ஒரே கேள்வியைக் கேட்டால் போதும். சூனியக்காரி நாவல்களை ‘வியர்ட் சிஸ்டர்ஸ்’ தொடங்கி வரிசையாகப் படித்து இந்நூலுக்கு வருவது நல்லது. நேரமில்லாதவர்கள் நேரடியாக இதையே எடுத்துப் படிக்கலாம், தவறவிடக் கூடாத நூல் இது.